கந்தப்பன் தோளும் கந்தப்பளை மழையும்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வானிலை அறிக்கை வானொலியிலிருந்து வருவதில்லை. காலையில் கந்தப்பன் மாமா தன் ஒற்றை அறைக் காம்பராவின் கதவைத் திறந்துகொண்டு, வாசல் திண்ணையான இஸ்தோப்பில் வந்து நிற்பார். வலது கையால் இடது தோளை இறுக்கிப் பிடித்திருப்பார். முகத்தை எட்டுக் கோணலாக்கி, வானத்தை ஒரு பார்வை பார்த்து, "ஸ்ஸ்... குத்துது. இன்னைக்கு ஊத்தும்," என்பார். அதற்குப் பிறகு எங்கள் லயத்தில் ஒருத்தியும் கொடியில் துணி போட மாட்டாள்.

என் பெயர் ஜெயந்தினி. மாமாவுக்கு அடுத்த காம்பராவில் இருக்கிறேன். வேலைக்குப் போகும் தாய்மார் விட்டுப்போகும் குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொள்வது என் தொழில். ஊர்வம்பு எனக்குப் பிடிக்காது. ஆனால் லயத்துச் சுவர் கூரை வரைக்கும் எட்டுவதில்லை. அந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் இந்தப் பக்கம் நான் தும்முவேன். அப்படியிருக்க, அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்டால் அது என் குற்றமா?

மாமாவின் தோளுக்கு இந்த வித்தை வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் அப்போது தொட்டிலில் கிடந்தவள். ஆனாலும் கிட்ட நின்று பார்த்தவளைப் போலச் சொல்வேன், அத்தனை தடவை கேட்டாயிற்று. அது ஆடி மாதம். பொகவந்தலாவையில் ஆடி மாதம் என்றால் சூரியனை மறந்துவிட வேண்டியதுதான். எட்டாம் நம்பர் மலைதான் எங்கள் தோட்டத்தில் உயரமானது, செங்குத்தானது. அங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த காளியாயி அத்தை, நிறைந்த கூடையோடு தண்ணீர் வடியும் கானைத் தாண்டும்போது வழுக்கி விழுந்தார். முழங்கால் சில்லு உடைந்துவிட்டது. பக்கத்து மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த ஆண்கள் ஓடி வந்தார்கள். இரண்டு கம்பில் கம்பளியைக் கட்டித் தூக்கிப் போவோம் என்றார் கங்காணி. நல்ல யோசனைதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒரு வீரரும் இருந்தார். அத்தைக்குத் தாலி கட்டி வருடம் திரும்பாத கந்தப்பன் மாமா.

"எம் பொண்டாட்டிய நானே தூக்குவேன், தள்ளுங்கப்பா!"

தூக்கினார். முதுகில் ஏற்றிக்கொண்டார். எடுத்து வைத்த முதல் அடியிலேயே வழுக்கினார். அத்தை அவர்மேல் விழ, அவருடைய வலது பக்கக் காறையெலும்பு முறிந்தது. பிறகென்ன, ஒரு கம்பளி போதாமல் இரண்டு கம்பளி தேவைப்பட்டது. இருவரும் ஒரே லொறியில் பக்கத்தில் பக்கத்தில் படுத்தபடி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். முழங்கால் உடைந்த அந்த வேதனையிலும் அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். தன் வீரத்தைப் பார்த்துச் சிரித்ததற்காக, கட்டுப் பிரிக்கும் வரை மாமா அத்தையோடு பேசவில்லையாம்.

எலும்புகள் ஒட்டின. இருவரும் வேலைக்குத் திரும்பினார்கள். அதற்குப் பிறகு மாமாவின் தோள் பேச ஆரம்பித்தது. அத்தையின் கால் மட்டும் வாயே திறக்கவில்லை.

அதற்கும் காரணம் இருந்தது. காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் இடத்துக்குப் பெரட்டுக் களம் என்று பெயர். அங்கே நொண்டிக்கொண்டு வந்து நிற்பவளுக்குக் கங்காணி பேர் போட யோசிப்பார். பேர் விழாவிட்டால் அன்றைய நாட்கூலி இல்லை. அதனால் அத்தை பெரட்டுக்குக் கல்யாண வீட்டுக்கு வருகிறவரைப் போலச் சிரித்த முகமாக வந்து நிற்பார். கால் வலிக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

தோள் அப்படியா? பெரட்டுக் களத்தில் எல்லோருக்கும் முன்னால் நின்று மாமா தோளைப் பிடிப்பார். "கங்காணி, தோளு குத்துது. பொம்பளைங்கள எட்டாம் நம்பருக்கு ஏத்திறாதீங்க, கானெல்லாம் வழுக்கும்." முதல் முறை கங்காணி சிரித்தார். அன்று மத்தியானம் பெய்த மழையில் அவருடைய குடை கம்பி கம்பியாய்ப் பிய்ந்தது. இரண்டாம் முறை சிரிப்பு குறைந்தது. போகப்போக, பெரட்டுக்கு வந்ததும் கங்காணியே, "என்ன கந்தப்பா, தோள் எப்படி?" என்று விசாரித்துவிட்டுத்தான் வேலை பிரிப்பார். தோள் குத்தினால் பெண்கள் ரோட்டோர மலையில் கொழுந்து பறிப்பார்கள். பெண்கள் எல்லோருக்கும் அந்தத் தோளின் மேல் ஒரு தனி மரியாதை.

மரியாதை மாமாவின் தலைக்கும் ஏறியது. வேலையிலிருந்து நின்ற பிறகும் அவருடைய தோள் மட்டும் ஓய்வு பெறவில்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் பந்தல் போடுவதற்கு முன்னால் வந்து கேட்பார்கள். கருமாதி வீட்டுக்காரர்கள்கூடக் கேட்பார்கள். பெய்தால் தோள் சொன்னது. பெய்யாவிட்டால், "வந்த மழை பக்கத்துத் தோட்டத்துக்குத் திரும்பிருச்சு," என்பார். மழையென்ன விருந்தாளியா, வாசல்வரை வந்து திரும்பிப் போக? ஆனால் இதைக் கேட்க எங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை.

தோட்டத்து டிஸ்பென்சரியில் இருக்கும் கஜேந்திரன் ஐயா ஒரு நாள் பொறுமையாக விளக்கம் சொன்னார். "மழைக்கு முன்னால பிரஷர் கொறையுங்க. அப்ப பழைய முறிவு இருக்கிற எடம் லேசா உப்பும். நரம்பு இழுக்கும். குளிரும் சேந்துக்கிட்டா இன்னும் மோசம். ஆனா இத எல்லாரும் ஒத்துக்கல. வலிச்சு மழை வந்த நாளத்தான் நம்ம ஞாபகம் வச்சிருக்கோம், வராத நாள மறந்திர்றோம்னு சொல்ற டாக்டருங்களும் இருக்காங்க."

பள்ளிக்கூடத்தில் வளிமண்டல அமுக்கம் என்று நாங்கள் மனப்பாடம் செய்ததைத்தான் அவர் சொன்னார். மாமாவின் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்.

"பிரஷரா? எனக்கு பிரஷரே கெடையாது ஐயா. போன கிளினிக்ல நீங்கதான பாத்தீங்க? பிரஷரெல்லாம் நம்ம வீட்டம்மாவுக்குத்தான்."

டிஸ்பென்சரி வாசலில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தோம். இப்போது நினைத்துப் பார்த்தால், தோள் விஷயத்தில் மாமா உண்மை பேசியது அந்த ஒரு தடவைதான்.

சித்திரையில் அவர்களுடைய மகள் பிரியந்திக்குக் கந்தப்பளையில் குழந்தை பிறந்தது. பிள்ளைப்பேறு பார்க்க அத்தை பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். பொகவந்தலாவையிலிருந்து ஹட்டன், ஹட்டனிலிருந்து நுவரெலியா, அங்கிருந்து கந்தப்பளை. "நான் ஒத்த ஆளு, என்னத்த ஆக்கிச் சாப்புடப் போறேன், ஒண்ணும் கஷ்டம் இல்ல," என்று மாமா வீராப்பாகத்தான் வழியனுப்பினார். சோற்றைக்கூட அவர் சமாளித்துக்கொண்டார். சமாளிக்க முடியாமல் போனது தோளைத்தான்.

அத்தை போன வாரத்திலேயே ஒரு நாள் இஸ்தோப்பில் நின்று, தோளைத் தொட்டும் பாராமல், "இன்னைக்கு நல்ல வெயிலு," என்றார். குரலில் பழைய உறுதி இல்லை. ஆனாலும் அவர் வாக்கை நம்பி எதிர் லயத்து நாகலெட்சுமி அக்கா வீட்டிலிருந்த தலையணை, மெத்தை எல்லாவற்றையும் வெளியே போட்டார். மத்தியானம் இடியோடு கொட்டிய மழையில் மெத்தை ஊறி, மறுநாள் நான்கு பேர் சேர்ந்து பிழிய வேண்டியதாயிற்று. நாகலெட்சுமி அக்காவின் வாயைப் பற்றி நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

"ஏன் மாமா, தோளுக்கு டேட் முடிஞ்சிருச்சோ? டப்பாவத் திருப்பிப் பாருங்க!"

இரண்டு நாள் கழித்து மாமா, "பேய் மழை வருது," என்றார். பேயும் வரவில்லை, மழையும் வரவில்லை. அந்த மழையை நம்பி வீட்டுக்குள் துணி காயப்போட்டவர்கள் வெயிலைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்கள். பஜாரில் கடை வைத்திருக்கும் மஃறூப் நானா, தன் ஃபோனில் மழை பார்க்கிறவர். மாமாவைக் கண்டால் ஃபோனை நீட்டுவார். "கந்தப்பன், இதுக்கு எண்ணெய் தேய்க்கத் தேவையில்ல. சார்ஜ் மட்டும் போட்டாப் போதும்." ஆனால் நானாவின் ஃபோன் சித்திரையிலிருந்து பங்குனி வரை தினமும் மேகப் படத்தைத்தான் காட்டும். அதை நம்பினால் வருடம் முழுவதும் ஈரத் துணிதான்.

மாமா ஒடுங்கிப்போனார். பஜாருக்குப் போவதை நிறுத்தினார். இந்த மனிதரைத் தோட்டத்தில் நாலு பேர் மதித்துப் பேசினார்கள் என்றால், அது அந்தத் தோளால்தான். அது போனால் அவர் வெறும் கந்தப்பன். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அடுத்து வைகாசியில் மாரியம்மன் தேர் வருகிறது. தேர் நாளைக்கு மழை பார்த்துச் சொல்வது, போன வருடம் தவிர, எப்போதும் அவருடைய தோள்தான்.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஃபோன் பேச்சு கேட்க ஆரம்பித்தது. அதுவும் விடியற்காலையில்.

"காளியாயி, கால் எப்படி இருக்கு?"

நான் அடுப்பு ஊதுவதை நிறுத்திவிட்டேன். முப்பது வருடத்தில் இந்தக் கேள்வியை அந்தச் சுவர் கேட்டதில்லை.

மறுநாளும் அதே கேள்வி. அதற்கு மறுநாளும். "காலை ஊனும்போதே வலிக்குதா, நடந்த பெறகு வலிக்குதா? சொவரப் புடிச்சியா? சும்மா கேக்குறேன், சொல்லு." அத்தை முதலில் மழுப்பியிருக்க வேண்டும். பிறகு அவரும் விரிவாகவே சொல்லத் தொடங்கிவிட்டார் போலிருக்கிறது. மாமா வெகுநேரம் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருப்பார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பொண்டாட்டி பக்கத்தில் இருக்கும்போது தெரியாத அருமை, தூரப் போனால்தான் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு நின்றேனா? பிள்ளைக் காம்பராவுக்கு வந்த தாய்மார் எல்லோரிடமும் சொன்னேன். அந்த வாரம் எங்கள் லயத்து ஆண்களில் பலபேர் பேச்சு வாங்கினார்கள். "அந்தக் கெழவன் கேக்குறாரு, நீ ஒரு நாளு கேட்டியா?"

என் கண்ணீர் வீண் என்பது எனக்குத் தெரிய அதிக நாள் ஆகவில்லை. ஒரு காலையில் மாமாவின் குரல் இப்படிக் கேட்டது:

"பிரஷர் எப்படி இருக்கு? ... ஏய், மாத்திரையப் பத்தி யாரு கேட்டா? ஒன் பிரஷர் இல்ல புள்ள, கந்தப்பளைப் பிரஷரு! ... சரி, காலு? பக்கவாட்டாத்தான் எறங்குனியா? நெசமா? அப்ப சரி."

ஃபோனை வைத்தார். கதவைத் திறந்தார். இஸ்தோப்பில் வந்து நின்று தோளைப் பிடித்தார்.

"ஸ்ஸ்... குத்துது. இன்னைக்கு ஊத்தும்!"

நான் கையிலிருந்த அகப்பையோடு அப்படியே நின்றேன். குட்டு வெளிப்பட்டுவிட்டது. இத்தனை வருடமும் மழை சொன்னது தோள் இல்லை. அத்தை படுக்கையிலிருந்து எப்படி இறங்குகிறார், சுவரைப் பிடிக்கிறாரா, அடுப்படியில் குந்துகிறாரா, பலகையை இழுத்துப் போடுகிறாரா என்று பார்த்துவிட்டு வந்துதான் இந்த மனிதர் வெளியே நின்று நெளிந்திருக்கிறார். அத்தை ஊரில் இல்லாததால் தோளும் ஊமையாகிவிட்டது. இப்போது பாசம் மாதிரி ஃபோன் போட்டு மழை விசாரிக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைய ரொட்டி கருகியது.

அன்றும் மழை வரவில்லை. வராது. கந்தப்பளை மலைக்கு அந்தப் பக்கம், பொகவந்தலாவை மலைக்கு இந்தப் பக்கம். அங்கே பெய்யும்போது இங்கே காயும், இங்கே ஊற்றும்போது அங்கே காற்று மட்டும் வீசும். இந்த மலைநாட்டில் பிறந்த எவருக்கும் தெரிந்த சங்கதி. மாமாவுக்கும் தெரியும். ஆனால் தோள் போன அவசரத்தில் அவருக்கு அது மறந்துவிட்டது. காளியாயியின் கால் எங்கே இருந்தாலும் பொகவந்தலாவைக்குத்தான் வேலை செய்யும் என்று நம்பிவிட்டார்.

தேர்க் கூட்டம் கோயிலில் நடந்தது. தலைவர் கணேசமூர்த்தி அண்ணன் பதற்றக்காரர். போன வருடம் மழையில் காகிதப் பூவின் சாயமெல்லாம் கரைந்து அம்மன் முகத்தில் பச்சையும் சிவப்புமாக ஓடியதை அவரால் மறக்க முடியவில்லை. போன வருடம் தோளைக் கேட்காமல் தேர் எடுத்ததுதான் தப்பு என்று அவருடைய முடிவு. அதனால் எல்லோரும் சிரிக்கச் சிரிக்க மாமாவையே கேட்டார்.

"மாமா, கடைசியா ஒரு தடவ கேக்குறேன். ஞாயித்துக்கெழம மழையா, இல்லையா? இந்தத் தடவயும் தப்புனா அடுத்த வருசம் நானா ஃபோனத்தான் கேப்போம்."

மாமா எழுந்து நின்றார். காலையில் கந்தப்பளையிலிருந்து வந்த செய்தி, கால் லேசாக இருக்கிறது என்பது. தோளை ஆட்டிக் காட்டி, "ஒரு சொட்டு விழாது. எம் பேர அடகு வச்சுச் சொல்றேன்," என்று வாயைக் கொடுத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அத்தைக்கு ஃபோன் போட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தோள் கதை, ஃபோன் கதை, கூட்டத்தில் கொடுத்த வாக்கு எல்லாம். "உங்க மேல பாசத்துல கேக்கல அத்தை. மழைக்காகக் கேக்குறாரு!"

ஃபோனில் மூக்கை உறிஞ்சுவது போல ஒரு சத்தம் கேட்டது. அழுகிறாரோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. பார்த்தால் சிரிக்கிறார்.

"அவருக்கு மழை வேணும். எனக்குக் கேக்க ஒரு ஆளு வேணும். இதுல ஒனக்கு என்ன புள்ள நட்டம்?" என்றார். பிறகு குரல் மாறியது. "ஆனா கந்தப்பளையில இருக்கிற கால வச்சு அங்க தேர் இழுத்தா சாமி நனஞ்சிருமே. அந்த மனுசன் மொகத்த எங்க கொண்டுபோய் வப்பாரு? பிள்ளை பொறந்த முப்பத்தொண்ணாம் நாள் தீட்டு சனிக்கெழமையோட முடியுது. ஞாயிறு மொத பஸ்ஸுக்கு வாறேன். அவருகிட்டச் சொல்லாத."

ஞாயிறு விடிந்தபோது வானம் கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. வைகாசியில் இப்படியொரு வெயிலை நான் பார்த்ததில்லை. மாமா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் கோயிலுக்கு வந்து எல்லோருக்கும் முன்னால் நின்றார். தேர் மேளத்தோடு இறங்கி, மத்தியானம் பஜாருக்கு வந்து மஃறூப் நானா கடைக்கு எதிரில் நின்றது. நானாவும் வானத்தைப் பார்த்து, ஃபோனைப் பார்த்து, "இண்டைக்கு ஒங்கட தோளு வெண்டிட்டு," என்று தன் ஃபோனின் தோல்வியை ஒத்துக்கொண்டார். மாமாவின் நெஞ்சு ஒரு சாண் முன்னால் வந்தது.

அந்த நேரத்தில்தான் ஹட்டன் பஸ் வந்து நின்றது.

காளியாயி அத்தை இறங்கினார். பஸ் படியில் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நண்டு மாதிரிப் பக்கவாட்டாக, ஒரு காலை ஊன்றி, கொஞ்சம் நின்று, மற்றக் காலை மெதுவாகக் கீழே வைத்தார். முகத்தில் பழைய பெரட்டுச் சிரிப்பு.

மாமா பார்த்தார். ஒரு மாதத்துக்கு மேல் பார்க்காத பொண்டாட்டி. வந்தாயா என்று கேட்கவில்லை. பேரப்பிள்ளையைப் பற்றிக் கேட்கவில்லை. பையை வாங்கவில்லை. அந்தக் காலையே ஒரு நொடி பார்த்தார். பிறகு தோளைப் பிடித்துக்கொண்டு திரும்பிக் கத்தினார்.

"கணேசு! தேர உள்ள தள்ளுங்கடா! மழை வருது!"

மேளம் நின்றது. கணேசமூர்த்தி அண்ணன் வானத்தைப் பார்த்தார். ஒரு பொட்டு மேகம் இல்லை. "என்ன மாமா வெளையாடுறீங்க? ஒரு சொட்டு விழாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அது அன்னைக்குத் தோளு. இது இன்னைக்குத் தோளு!"

நாகலெட்சுமி அக்கா சிரித்த சிரிப்பு கடைவீதி முழுக்கக் கேட்டது. ஆனால் மாமா சிரிப்பைக் கவனிக்கவில்லை. பேரை அடகு வைத்த மனிதர், அந்தப் பேரைக் காலடியில் போட்டு மிதித்துக்கொண்டு, தேர்க் கயிற்றைத் தானே பிடித்து இழுக்கத் தொடங்கினார். மஃறூப் நானாதான் முதலில் அசைந்தார். தன் லொறிக் கொட்டகையின் கதவைத் திறந்துவிட்டார். "சாமிய நனைய விட ஏலாது. மழை வராட்டித் திரும்ப எடுத்துட்டுப் போங்க, அவ்வளவுதானே?"

தள்ளினோம். கொட்டகைக்குள் தேர் நின்றது. வெளியே வெயில் பளபளவென்று அடித்தது. எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். அவர் அத்தையைப் பார்த்தார். அத்தை ஒரு மூலையில் சுவரில் சாய்ந்து நின்றார். நானாவின் மகள் ஷிபானா எல்லோருக்கும் பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடித்த கோப்பைகளை அவள் திருப்பி வாங்கிக்கொண்டிருக்கும்போது, மலை முகட்டில் மூடுபனி தலை காட்டியது. அது இறங்கி வந்து தொழிற்சாலைப் புகைபோக்கியை விழுங்கியது. பிறகு கொட்டகைத் தகரத்தில் முதல் கல்லை எறிந்தது போல ஒரு சத்தம். அடுத்து வந்த மழையில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை.

சொல்ல வேண்டுமா? தோளுக்குப் பழைய மவுசு திரும்பிவிட்டது. கணேசமூர்த்தி அண்ணன் மாமாவைக் கட்டிப்பிடித்தார். நாகலெட்சுமி அக்கா ஓடிப்போய் நானாவின் கடையிலிருந்து ஒரு போத்தல் மூலிகை எண்ணெய் வாங்கிவந்து, "தோளுக்குத் தேய்ச்சுக்குங்க மாமா, நான் சொன்னத மனசுல வச்சுக்காதீங்க," என்றார். யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து அவரை மாப்பிள்ளை மாதிரி உட்கார வைத்தார்கள். மழை சொன்ன முழங்கால் மூலையில் நிற்க, ஒன்றும் சொல்லாத தோளுக்கு நாற்காலி. எனக்கு உண்மை நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் மாமா எழுந்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் அத்தைக்கு முன்னால் வைத்து, "நீ உக்காரு," என்றார். அத்தை உட்கார்ந்தார். வந்த மழையில் அதை வேறு யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

கஜேந்திரன் ஐயா பிறகு என்னிடம் சொன்னார், அந்தப் பஸ்ஸில் அவ்வளவு தூரம் வளைந்து வளைந்து வந்தால் யாருடைய முழங்காலும்தான் வலிக்கும் என்று. இருக்கலாம். எனக்கு அதெல்லாம் தெரியாது.

மழை விட்டபின் தேர் ஊர் சுற்றி நனையாமல் கோயிலுக்குப் போனது. பொழுது சாயும் நேரத்தில் நாங்கள் வீடு திரும்பினோம். மறுபடியும் தூறல் பிடித்துக்கொண்டது. நான் அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். சுவரோரமாகத்தான் என் அடுப்பு இருக்கிறது, அதற்கு நான் என்ன செய்ய?

"அந்த எண்ணெய எடு. கால நீட்டு," என்றது மாமாவின் குரல்.

"ஒங்க தோளுக்குல்ல குடுத்தா நாகலெட்சுமி?"

"எந் தோளுல என்ன இருக்கு? கட்டுப் பிரிச்ச நாள்லருந்து ஒரு நோவும் கெடையாது."

"தெரியும்."

இந்தப் பக்கம் நான் விறகைக் கையில் வைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் இருந்தேன்.

"எப்பருந்து தெரியும்?"

"மொத நாளு பெரட்டுலயே. ஒடஞ்சது சோத்துக்கைப் பக்கம். நீங்க புடிச்சிக்கிட்டு நெளிஞ்சது பீச்சாங்கைப் பக்கம்."

எனக்கே அப்போதுதான் உறைத்தது. தினமும் பார்த்தோம், ஊரே பார்த்தது, ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"அப்ப ஏன்டி இத்தன வருசமா ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா நீங்க நெசத்த ஊருக்கே சொல்லிருவீங்க. ஒங்களுக்கு வாயில நிக்குமா? எனக்குக் கால் முடியலன்னு தெரிஞ்சா கங்காணி பேர் போடுவாரா? இந்தத் தோளு இல்லாட்டி மழை நாள்லயும் எட்டாம் நம்பருக்குல்ல ஏறியிருக்கணும்? ஒங்க தோளு வலிச்ச அன்னைக்கெல்லாம் நான் ரோட்டோரத்துல நின்னு கொழுந்து எடுத்தேன்."

எண்ணெய்ப் போத்தல் மூடி திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. இத்தனை நாள் அந்த மனிதரை மனதுக்குள் திட்டிய நான் விறகை மெதுவாகக் கீழே வைத்தேன். அத்தையோடு சேர்ந்து ரோட்டோரத்தில் நின்று கொழுந்து எடுத்தவர்களில் என் அம்மாவும் ஒருத்தி.

கொஞ்ச நேரம் கழித்து மாமா கேட்டார்.

"நாளைக்கு எப்படி இருக்கும்?"

"மெதுவா அமுக்குங்க... நாளைக்கும் மழைதான்."

"அப்ப காலையில தோளப் புடிக்கவா?"

"புடிங்க," என்றார் அத்தை. "நாளைக்காவது சோத்துக்கைப் பக்கம் புடிங்க."